செவிப்பறை: ஒரு கிழிசலின் சரித்திரம்



மாற்கு ஏழாம் அதிகாரத்தின் கடைப்பகுதியைச் சென்ற ஞாயிறு தியானித்தோம். காது கேளாமலும் பேச்சுத் திருந்தாமலும் இருந்த ஒரு மனிதனைக் கூட்டத்தினின்று ஒதுக்கமாய்க் கொண்டுசென்று, காதுகளில் விரல் வைத்து, உமிழ்நீரால் நாவைத் தொட்டு, ஆண்டவர் சுகமாக்கிய பகுதி அது. அவனுடைய காதில் என்ன கோளாறு இருந்தது என்று சுவிசேஷகன் எழுதவில்லை. பேச்சும் கெட்டிருந்தபடியால் நெடுங்காலக் கேளாமை என்று ஊகிக்கலாம். அதற்குமேல் சொல்ல இடமில்லை. ஆயினும் அதற்குப்பின் சபையாரில் மூவர், வெவ்வேறு சமயங்களில், ஒரே கேள்வியை என்னிடம் கேட்டார்கள்: காதுக்குள் சவ்வு கிழிந்தால் அது மறுபடி ஒட்டுமா?

ஒட்டும். பெரும்பாலும் தானாகவே ஒட்டும். ஒட்டாதபோது ஒட்டவைக்கவும் முடியும். அந்த இரண்டாவது காரியத்தைச் சொல்வதற்கு மருத்துவ உலகம் முந்நூறு ஆண்டுகள் உழைக்கவேண்டியிருந்தது. அந்தச் சரித்திரத்தை இவ்வாரம் எழுதுகிறேன். பிரசங்கத்துக்கு வேண்டியது அதில் எவ்வளவு என்று கேட்காமல் வாசியுங்கள்.

தமிழில் அந்தச் சவ்வுக்குச் செவிப்பறை என்று பெயர். இழுத்துக் கட்டிய தோலுக்குப் பறை என்று பெயரிட்டவர்கள் காதுக்குள் இருப்பதையும் சரியாகவே பெயரிட்டிருக்கிறார்கள். அதன் குறுக்களவு 8 முதல் 10 மில்லிமீட்டர். சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. அத்தனை மெல்லிய சவ்வு மூன்று அடுக்குகளால் ஆனது: வெளியே தோல், நடுவே நார், உள்ளே ஈரச்சவ்வு. அதற்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்ற மூன்று சிற்றெலும்புகள் கோத்திருக்கின்றன. எண்ணூர்ப் பட்டறைகளில் வேலைசெய்யும் சகோதரருக்கு முதல் இரண்டு பெயர்களை விளக்கவேண்டியதில்லை. பறையும் எலும்புகளும் சேர்ந்து, காற்றில் வரும் ஒலியின் அழுத்தத்தை ஏறத்தாழ இருபது மடங்காக்கி உட்செவியின் நீருக்குள் செலுத்துகின்றன. பறையில் ஓட்டை விழுந்தால் இந்தப் பெருக்கம் குறைந்துபோகிறது. கூடவே, குளிக்கும் நீரும் அதிலுள்ள கிருமியும் நடுச்செவிக்குள் நுழைய வாசல் திறந்துவிடுகிறது. சீழ் வடியும் காதுகளில் மிகப் பலவற்றின் கதை இதுதான்.

காதைச் செப்பனிடும் வேலை நம் தேசத்துக்குப் புதிதல்ல. அறுந்த காதுமடலை இணைப்பதற்குப் பதினைந்து விதங்களைச் சுசுருத சங்கிதை விவரிக்கிறது. கன்னத்துத் தோலை எடுத்து மடலாக்கும் முறையும் அதில் உண்டு. காது வளர்த்தவர்களின் தேசத்தில் காது அறுவது அன்றாடச் சங்கதி. தென்பாண்டிச் சீமையில் தண்டட்டியும் பாம்படமும் அணிந்த பாட்டிமார் பலர், பிற்காலத்தில் நீண்ட காதை அறுத்துத் தைத்துக்கொண்டார்கள். திருநெல்வேலியிலிருந்து பிழைப்புத் தேடி வண்ணாரப்பேட்டைக்கும் தண்டையார்பேட்டைக்கும் வந்து குடியேறிய குடும்பங்களில், மடலின் ஓரத்தில் அந்தத் தையல் தழும்பைச் சுமந்த மூதாட்டிகளை நானே கண்டிருக்கிறேன்.

இங்கே வேறொரு சம்பவத்தைச் சொல்லாமல் கடக்க மனமில்லை. 1792 யுத்தத்தில் ஆங்கிலப் படையின் வண்டிமாடுகளை ஓட்டிய கவாஸ்ஜி என்பவர் திப்புவின் ஆட்களிடம் பிடிபட்டு மூக்கறுபட்டார். ஒரு கையையும் இழந்தார். செங்கல் அறுக்கும் குலத்தைச் சேர்ந்த வைத்தியர் ஒருவர், பூனாவுக்கு அருகே, நெற்றித் தோலை மடித்திறக்கி அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார். இரண்டு ஆங்கில மருத்துவர்கள் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். இச்செய்தி நம்முடைய மதராஸ் கெஸட்டில் வெளியாயிற்று. 1794 அக்டோபரில் லண்டனின் ஜென்டில்மேன்ஸ் மேகசின் அதைப் படத்துடன் பிரசுரித்தது. அதை வாசித்த ஜோசப் கார்ப்பியூ 1814-இல் லண்டனில் அதே முறையில் மூக்கு அமைத்தார். ஒரு மனிதனுடைய தோலை அவன் உடலிலேயே இடம் மாற்றினால் அது உயிர்பிடிக்கும் என்ற அறிவு ஐரோப்பாவில் மறுபடி வேரூன்றியது இப்படித்தான். அந்த அறிவு இல்லாமல் செவிப்பறைக்கு ஒட்டுப்போடும் எண்ணம் பிறந்திருக்க முடியாது.

செவிப்பறையைப் பொறுத்தவரை, முதலில் வந்தது ஒட்டு அல்ல, மூடி. 1640-இல் மார்கஸ் பான்சர் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஒரு தந்தக் குழாயின் நுனியில் பன்றியின் சிறுநீர்ப்பைச் சவ்வை இழுத்துக் கட்டிக் காதுக்குள் வைத்துப் பார்க்கும்படி எழுதினார். அதன்பின் இருநூறு வருஷம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. 1841-இல் லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் இயர்ஸ்லியிடம் நியூயார்க்கிலிருந்து வந்த ஒரு நோயாளி, ஒரு துண்டுக் காகிதத்தைத் திரித்து, எச்சிலில் நனைத்து, காதின் ஆழத்தில் வைத்துக்கொண்டால் தனக்குத் தெளிவாய்க் கேட்பதாகச் சொன்னார். மருத்துவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார். நனைத்த பஞ்சுருண்டையைக் கொண்டு அதையே மற்ற நோயாளிகளுக்கும் செய்து, பயன் கண்டு, பின்னர் அதை வெளியிட்டார். நோயாளி கற்பிக்க மருத்துவர் கற்றுக்கொண்ட அபூர்வ நிகழ்ச்சி இது. மாற்கு எழுதிய உமிழ்நீரை நினைத்துக்கொண்டு இந்த இடத்தை வாசித்தபோது எனக்குப் புன்னகை வந்தது. அதற்குமேல் அதில் பொருள் தேடவேண்டாம்.

1853-இல் ஜோசப் டாய்ன்பி என்பவர் மெல்லிய ரப்பர் வட்டு ஒன்றை வெள்ளிக் கம்பியில் பொருத்திச் செயற்கைச் செவிப்பறை என்று அறிமுகப்படுத்தினார். நோயாளியே அதைக் காலையில் வைத்து இரவில் எடுத்துவிடலாம். இந்த டாய்ன்பி ஏறத்தாழ இரண்டாயிரம் காதுகளை அறுத்து ஆராய்ந்தவர். ஏழைகளின் வீட்டுவசதிக்காகவும் பாடுபட்டவர். காதிரைச்சலுக்கு மருந்து தேடி, குளோரோபார்மையும் ஹைட்ரோசயானிக் அமிலத்தையும் தாமே முகர்ந்து சோதித்தபோது 1866-இல் மரித்தார். அவருடைய குமாரன் அர்னால்ட் டாய்ன்பிதான் தொழிற்புரட்சி என்ற சொல்லை ஆங்கில உலகில் பரவலாக்கிய சரித்திர ஆசிரியர். தகப்பன் காதைப் படித்தார். மகன் ஆலைகளைப் படித்தார். ஆலைச் சங்கொலியில் விழித்தெழும் நம் பகுதி ஜனங்களுக்கு இருவர் படிப்பும் வேண்டும்.

மூடிகளுக்கெல்லாம் ஒரே குறை இருந்தது. எடுத்துவிட்டால் ஓட்டை அப்படியே இருக்கும்.

ஏன் சில ஓட்டைகள் தாமாக மூடுகின்றன, சில ஆண்டுக்கணக்கில் திறந்தே கிடக்கின்றன? மருத்துவர்கள் இதைப் புரிந்துகொண்டபோதுதான் வழி பிறந்தது. செவிப்பறையின் தோல் ஓரிடத்தில் நிற்பதில்லை. நடுவிலிருந்து ஓரத்துக்கு, நகம் வளரும் வேகத்தில், நகர்ந்துகொண்டே இருக்கிறது. புதிதாய்க் கிழிந்தால் அந்தத் தோலே கிழிசலின்மேல் ஊர்ந்து பாலம் போடுகிறது. நார் அடுக்கு பின்னால் வந்து சேர்கிறது. ஆனால் சீழ் பிடித்தோ, கிழிசல் பெரிதாய் இருந்தோ காலம் கடந்தால், வெளித்தோலும் உள்ளே இருக்கும் ஈரச்சவ்வும் ஓட்டையின் விளிம்பைச் சுற்றி வளைந்து ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன. இப்போது விளிம்பு காயமில்லை. நன்றாய் ஆறிவிட்ட விளிம்பு. ஆறிவிட்டதாக உடல் எண்ணிக்கொள்கிறபடியால் மேற்கொண்டு வளருவதை நிறுத்திவிடுகிறது. ஓட்டை நிரந்தரமாகிறது.

ஆகவே மூடவேண்டுமானால் முதலில் அந்த விளிம்பை மறுபடி காயப்படுத்தவேண்டும். 1878-இல் எமில் பெர்த்தோல்ட் என்ற ஜெர்மானியர் இதைத்தான் செய்தார். ஒட்டுப் பிளாஸ்திரியைச் செவிப்பறைமேல் சில நாள் ஒட்டிவைத்துப் பிய்த்தெடுத்து, மேல்தோலை நீக்கிப் புண்ணாக்கி, அதன்மேல் நோயாளியின் சொந்தத் தோல்துண்டை வைத்தார். அதற்கு மிரிங்கோபிளாஸ்டி என்று பெயரிட்டார். இன்றும் மருத்துவமனைச் சீட்டில் எழுதப்படும் சொல் அதுவே. ஏறத்தாழ அதே காலத்தில் பாஸ்டன் நகரத்து கிளாரன்ஸ் பிளேக், விளிம்பின்மேல் சிறு காகிதத்துண்டை ஒட்டினால் அதைச் சாரமாகப் பற்றிக்கொண்டு தோல் வளரும் என்று காட்டினார். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரகாம் பெல்லுக்கு 1874-இல் இறந்தவர் ஒருவரின் காதை ஆராய்ச்சிக்குக் கொடுத்தவரும் இந்த பிளேக்தான். நாம் கையில் வைத்திருக்கும் போனுக்கு ஒரு செவிப்பறை மூதாதையாய் இருக்கிறது.

ஆயினும் பெர்த்தோல்டின் வழி எழுபது வருஷம் முடங்கிக் கிடந்தது. காதின் உள்ளே பார்க்கப் போதிய வெளிச்சமில்லை. சீழை நிறுத்த மருந்துமில்லை.

அந்த எழுபது வருஷங்களில் நம் வடசென்னை எப்படி இருந்தது? ஹைதர் அலி யுத்தத்தைத் தொடர்ந்த பஞ்சத்தில், 1782-இல், பட்டினியாய் வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் வளர்ந்து மருத்துவமனையாகி, கவர்னர் ஸ்டான்லியின் பெயரைப் பெற்று, 1938-இல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று நம் பெரியவர்கள் இன்றும் சொல்வது இதனால்தான். அதற்குக் கொஞ்ச தூரத்தில், ஸ்காட்லாந்து சபையின் ஊழியராய் 1888-இல் மதராஸ் வந்து இறங்கிய டாக்டர் மட்டில்டா மக்பெயில் அம்மையார், இராயபுரத்தில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் மருந்தகம் திறந்தார். 1914-இல் அது ரெய்னி மருத்துவமனையாய் எழும்பியது. எம்டன் கப்பல் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளின்மேல் குண்டு வீசியதும் அதே வருஷம், செப்டம்பர் 22 இரவில்.

சீழ்வடியும் காதோடு இப்படிப்பட்ட மருத்துவமனைகளுக்கு வந்த பிள்ளைக்கு அந்நாளைய மருத்துவம் கொடுக்கக்கூடியது சொற்பம்: துடைத்து உலர்த்துதல், கழுவுதல், போரிக் பொடி தூவுதல். சீழ் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் இறங்கினால் உளியால் எலும்பைக் குடைந்து வடிக்கும் முறையை 1873-இல் ஷ்வார்ட்ஸ் ஒழுங்குபடுத்தியிருந்தார். அது உயிரைக் காக்கும் ஆபரேஷன். கேட்கும் திறனைப்பற்றி அங்கே ஒருவரும் பேசவில்லை. சீழ் மூளைக்கு ஏறி மரித்த பிள்ளைகள் அந்நாளில் எல்லாத் தேசத்திலும் உண்டு. பாளையங்கோட்டையில் மிஸ் பிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் 1897-இல் காது கேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கியபோது, காதைச் சீர்ப்படுத்தும் வழி இல்லாத இடத்தில் கல்வியையாவது கொடுக்கவேண்டும் என்ற வைராக்கியம் அதில் இருந்தது. மிஷனெரிகளின் குறைகளை எடுத்துச்சொல்ல இன்று அநேகர் இருக்கிறார்கள். அவற்றில் சில உண்மையும்கூட. இந்தப் பள்ளியை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்க என்னால் முடியவில்லை.

1940-களில் பெனிசிலின் வந்தது. 1921-இல் சுவீடனின் நைலேன் முதன்முதலாக நுண்ணோக்கி வைத்துக் காதில் அறுவை செய்திருந்தார். 1953-இல் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனம் இருகண் அறுவை நுண்ணோக்கியை வெளியிட்டது. சீழை அடக்க மருந்து, ஆழத்தைப் பார்க்க வெளிச்சம்: இரண்டும் ஒரே தலைமுறையில் சேர்ந்தன. ஜெர்மனியின் வுல்ஸ்டைன், ஸோல்னர் ஆகிய இருவரும் 1950-களின் தொடக்கத்தில் செவிப்பறையையும் எலும்புச் சங்கிலியையும் சேர்த்துச் செப்பனிடும் டிம்பனோபிளாஸ்டியை நிலைநாட்டினார்கள். அவர்கள் வைத்த ஒட்டு தோல். தோல் ஈரத்தில் ஊறிப் புண்ணாயிற்று, செதிள் உதிர்த்தது, பலருக்கு மறுபடி ஓட்டை விழுந்தது. 1950-களின் இறுதியில் ஹீர்மன் என்ற மற்றொரு ஜெர்மானியர் காதுக்குமேல் உள்ள கடைவாய்த் தசையின் உறையைப் பயன்படுத்தினார். உணவை மெல்லும்போது நெற்றிப்பொட்டில் அசைகிறதே, அந்தத் தசை. அதன் வெண்மையான உறை எலுமிச்சை இலை அளவு எடுத்தால் போதும். காயவைத்தால் மெல்லிய தாளாகிறது. இரத்தவோட்டம் இல்லாமலும் சில நாள் தாங்குகிறது. காதுக்கருகிலேயே கிடைப்பதால் வேறிடத்தில் அறுக்கவேண்டியதில்லை. இன்றுவரை உலகமெங்கும் முதலில் கைநீட்டி எடுக்கப்படுவது அதுவே.

இந்தியாவுக்கு இது எவ்வளவு தேவை என்பதற்கு ஒரு கணக்கு: நாட்பட்ட செவிச்சீழ் நோய் மக்களில் நூற்றுக்கு நான்கு பேருக்குமேல் காணப்படும் தேசங்களின் பட்டியலில் உலகச் சுகாதார நிறுவனம் 2004-இல் இந்தியாவைச் சேர்த்தது. 2007-இல் மத்திய அரசு கேளாமைத் தடுப்புக்கென்று தேசியத் திட்டம் தொடங்கியது. சென்னையின் மூத்த மருத்துவரான பேராசிரியர் எஸ். காமேஸ்வரனும் அவருடைய மகன் டாக்டர் மோகன் காமேஸ்வரனும் வெப்பமண்டலச் சூழலின் காது மூக்கு தொண்டை நோய்களுக்கென்றே ஒரு நூலைப் பதிப்பித்தார்கள். குளிர்நாட்டுப் பாடநூல் நம் ஊர்க் காதுக்கு முழுதும் போதாது என்பதை அறிந்தவர்களின் வேலை அது.

நம் ஊர்க் காதுகளைப்பற்றிச் சற்று வெளிப்படையாய் எழுதவேண்டும். காசிமேட்டில் கடலில் குதித்து விளையாடும் பிள்ளைகளின் காதுச்சீழை எல்லாரும் அறிவோம். ஹேர்பின், தீக்குச்சி, சூடாக்கிய எண்ணெய் ஆகியவற்றையும் அறிவோம். வெடியும் சிலிண்டர் விபத்தும் பறையைக் கிழிக்கும். இவற்றைக்குறித்து வீடுகளில் தயக்கமின்றிப் பேசுகிறோம். அடிபட்டுக் கிழியும் செவிப்பறைகளைக்குறித்த நம் நாட்டு மருத்துவ ஆய்வுகளில் முன்வரிசையில் நிற்கும் காரணமோ கன்னத்தில் விழும் அறை. அடிக்கிறவர் பெரும்பாலும் வலக்கைக்காரர் ஆதலால் இடது காதே அதிகம் கிழிகிறது. உள்ளங்கை காதைப் பொத்தி விழும்போது குழாய்க்குள் அடைபட்ட காற்று பறையைக் கிழித்துவிடும். பெரிய பலம் தேவையில்லை. அறைந்தவர் கணவராகவோ, தகப்பனாகவோ, ஆசிரியராகவோ இருக்கிறார். மருத்துவரிடம் சொல்லப்படுவதோ, குளியலறையில் வழுக்கி விழுந்தேன் என்பது. நான் வீடுகளைச் சந்திக்கும்போது, வலப்பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டு பேசும் சகோதரிகள் சிலரைக் கண்டிருக்கிறேன். ஏன் என்று எல்லார் முன்னிலும் கேட்பதில்லை. பேதுரு வாளை வீசி மல்குவின் காதை வெட்டினதை நான்கு சுவிசேஷங்களும் சொல்லுகின்றன. தொட்டு ஆற்றினதை வைத்தியனாகிய லூக்கா மட்டும் எழுதினான். தம்மைப் பிடிக்க வந்தவனுடைய காதைக்கூடக் காயத்தோடு விட்டுப்போக ஆண்டவருக்கு மனமில்லாதிருந்தது. தன் வீட்டாருடைய காதின்மேல் கை ஓங்குகிற சகோதரர் அடுத்த நற்கருணைக்கு முன்னே என்னை வந்து பார்க்கட்டும்.

ஆலைச் சத்தத்தால் வரும் கேளாமை வேறு. அது பறையைக் கிழிப்பதில்லை. உட்செவியின் நுண்மயிர் அணுக்களைக் கொல்லுகிறது. அதற்கு எந்த ஒட்டும் இல்லை. ஆகையால் வார்ப்படப் பட்டறையிலும் கப்பல் பழுதுபார்க்கும் இடத்திலும் வேலைசெய்யும் வாலிபர் காதடைப்பானைச் சட்டைப்பையில் அல்ல, காதில் வைக்கவேண்டும்.

பறை கிழிந்து சில நாளே ஆகியிருந்தால் பெரும்பாலும் செய்யவேண்டியது ஒன்றுமில்லை: தண்ணீர் படாமலும், எண்ணெயோ சொட்டுமருந்தோ தாமாக ஊற்றாமலும் இருந்தால் இரண்டு மூன்று மாதத்துக்குள் அநேகமாக மூடிவிடும். மூடாவிட்டாலும், சீழ் நின்று நின்று வந்தாலும், ஸ்டான்லியிலோ ரெய்னியிலோ காது மூக்கு தொண்டைப் பிரிவில் காண்பியுங்கள். நாற்றமுள்ள சீழ், தலைசுற்றல், முகம் ஒரு பக்கம் கோணுதல் இருந்தால் காத்திருக்கலாகாது. பறையின் மேல்விளிம்பில் தோல் உள்வளர்ந்து எலும்பை அரிக்கும் வகை ஒன்று உண்டு, அது உயிருக்கே ஆபத்து. ஜெபித்துக்கொண்டு இருக்கிறோம், ஆபரேஷன் எதற்கு என்று கேட்பவர்களுக்கு: ஜெபித்துக்கொண்டே போங்கள். பவுலோடு பிரயாணம் செய்த லூக்காவை ஒருவரும் வைத்தியத்தை விட்டுவிடச் சொன்னதாக நான் வாசித்ததில்லை.

அறுவை ஒன்று இரண்டு மணி நேரம். காதை முதலில் சீழின்றி உலரவைப்பார்கள். பின்பு ஓட்டையின் பழைய விளிம்பை வட்டமாய்க் கிள்ளியெடுத்து இரத்தம் கசியும் புது விளிம்பாக்குவார்கள். பெர்த்தோல்ட் கண்ட அதே படி. தசையுறைத் துண்டைப் பெரும்பாலும் பறைக்கு அடியில் செருகி, கரைந்துபோகும் ஜெலட்டின் பஞ்சால் தாங்கவைப்பார்கள். தையல் கிடையாது. அந்த ஒட்டு பறையாய் மாறிவிடுவதில்லை. அது கிடந்து தாங்க, நோயாளியின் சொந்தத் தோல் அதன்மேல் ஊர்ந்து மறுகரை சேருகிறது. அனுபவமுள்ள கைகளில் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேருக்கு மூடிவிடும். புகைபிடிப்பவர்களுக்கு அந்தக் கணக்குக் குறைகிறது.

பிறகு சில வாரங்கள் மூக்கைப் பலமாய்ச் சிந்தலாகாது; தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்மவேண்டும்; தலைக்குக் குளிக்கும்போது வாசலின் தடவிய பஞ்சால் காதை அடைக்கவேண்டும். ஆறு வாரத்தில் ஒட்டுப் பிடித்ததா என்று பார்ப்பார்கள், மூன்றாம் மாதம் கேள்விச் சோதனை எடுப்பார்கள். நெடுநாள் மந்தமாய்க் கேட்டவர்களுக்கு முதல் வாரங்களில் மின்விசிறியும் பாத்திரமும் கூடப் பெருஞ்சத்தமாய்த் தோன்றலாம். வீட்டார் கொஞ்சம் மெதுவாய்ப் பேசினால் நல்லது.